பெட்டிக்குள் அடைத்த சிரிப்பு: அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிரிப்பொலித் தடத்தின் வரலாறு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில், திரையில் தோன்றாத ஒரு கூட்டம் வேடிக்கைப் பேச்சு முடியும் இடந்தோறும் சிரிப்பதாகக் கேட்கும் ஒலிப்பதிவுக்குச் சிரிப்பொலித் தடம் என்று பெயர். உரையாடல், இசை, சூழல் ஒலி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக வைத்துக்கொண்டு இறுதியில் ஒன்றாகக் கலப்பதே ஒலிக்கூடங்களின் வழக்கமாதலால், பின்னர் அவற்றோடு வந்து சேர்ந்த சிரிப்புக்கும் அப்பெயரே நிலைத்தது. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்குள் நுழைந்த இத்தடம், பார்வையாளர்கள், விமர்சகர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள் ஆகிய நான்கு தரப்பினராலும் ஓயாமல் பழிக்கப்பட்டபடியே அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. இத்தனை பேர் வெறுத்த ஒன்று எவ்வாறு நிலைத்தது என்பதும், வெறுத்தவர்கள் உண்மையில் அதில் எதை வெறுத்தார்கள் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குத் தொழில்நுட்ப வரலாற்றில் விடை கிடைக்கிறது. இரண்டாவதற்கு, சிரிப்பு மறைந்த பின்னரும் பின்னணி இசையைப் பற்றி அதே குரலில் எழுந்த முறையீடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகிறது.

கூலிக்குச் சிரித்தவர்கள்

அவையின் எதிர்வினையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளும் பழக்கம் மின்சாரத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் மிக முந்தியது. ரோமப் பேரரசன் நீரோ தான் பாடும் அரங்குகளில் கைதட்டுவதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டியிருந்ததாகவும், அவர்களுக்குத் தேனீக்களின் ரீங்காரம் போன்றது, வளைந்த ஓட்டின் ஒலி போன்றது, தட்டை ஓட்டின் ஒலி போன்றது என மூவகைக் கைதட்டல்கள் கற்பிக்கப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் இது முறையான தொழிலாகவே வளர்ந்தது. நாடகத்தின் வெற்றிக்குப் பொறுப்பேற்றுக் கைதட்ட ஆள் அனுப்பும் முகவர் நிலையம் ஒன்று 1820இல் அங்கே தொடங்கப்பட்டது. 'கிளாக்' எனப்பட்ட அக்கூலிக் குழுவுக்குள் வேலைப் பிரிவினையும் இருந்தது. வேடிக்கைப் பேச்சுக்கு உரக்கச் சிரிப்பவர்கள் ஒரு பிரிவினர். உருக்கமான காட்சியில் கைக்குட்டையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்முபவர்கள் இன்னொரு பிரிவினர். பாட்டு முடிந்ததும் மறுபடியும் பாடச் சொல்லிக் குரல் கொடுப்பவர்கள் மூன்றாவது பிரிவினர். பாரிஸ் ஆப்பெராவில் 1830களில் இக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ஒகுஸ்த் லெவாஸர் ஒத்திகைகளுக்கே நேரில் சென்று, எந்த இடத்தில் எவ்வளவு கைதட்டல் வேண்டும் என்று நிர்வாகியோடு கலந்து முடிவு செய்துகொள்வார். காசு கொடுத்து வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவருக்கு இவர்கள் யார் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் அத்தொழில் பல பத்தாண்டுகள் நடந்தது என்பதுதான் பின்வரும் வரலாற்றுக்கு முக்கியமான முன்செய்தி.

வானொலி வந்தபோது சிக்கல் தலைகீழாயிற்று. கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அவர்களில் ஒருவருடைய குரலும் நடிகரின் காதுக்கு எட்டவில்லை. மேடை நகைச்சுவை நடிகர் எட் வின், தமது 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்' நாடகத்தை 1922இல் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரிலிருந்த வானொலி நிலையத்தில் நிகழ்த்தத் தொடங்கியதும், ஒலிவாங்கியின் முன்னால் நிலவிய நிசப்தத்தில் தடுமாறிப்போனார். நிலையத்தில் அப்போது கைக்கெட்டிய துப்புரவுப் பணியாளர்களையும் மின்பணியாளர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் அழைத்து உட்காரவைத்த பிறகே அவரால் நிகழ்ச்சியைத் தொடர முடிந்தது. மேடையில் வளர்ந்த நடிகருக்குச் சிரிப்பு என்பது கால அளவுகோல். அடுத்த வாக்கியத்தை எப்போது தொடங்குவது என்பதை அதைக் கேட்டுத்தான் அவர் முடிவு செய்கிறார். ஆகவே நிலையங்கள் பார்வையாளர்களை உள்ளே அனுமதித்தன. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் சத்தமின்றி அமர்ந்திருக்க வேண்டும் என்பதே விதி. 1930களில் அவ்விதி தளர்ந்து, கூடத்தின் சிரிப்பும் கைதட்டலும் ஒலிபரப்பின் பகுதியாகவே ஆனபோது, அது பிடிக்காதவர்களும் உடனே தோன்றினர். புகழ்பெற்ற வானொலி நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலன், கூடத்துப் பார்வையாளர்களே வானொலி நகைச்சுவையைக் கெடுத்துவிட்டதாகக் கடைசிவரை குறைபட்டுக்கொண்டவர்களுள் ஒருவர். எதிரே இருக்கும் சில நூறு பேருக்காகச் செய்யும் முகச்சேட்டை, வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் பல லட்சம் பேருக்குக் காரணம் தெரியாத சிரிப்பாக மட்டுமே போய்ச் சேர்ந்தது. அச்சிரிப்பு முழுக்க முழுக்க உண்மையானது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நாடாவில் சேமித்த சிரிப்பு

சிரிப்பைச் சேமித்துவைத்து வேறோர் இடத்தில் செலவிடும் வழி காந்த ஒலிநாடாவோடுதான் திறந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் பணியாற்றிய அமெரிக்கப் படைப் பொறியாளர் ஜாக் மல்லின், அங்கே கண்ட 'மேக்னெட்டோஃபோன்' என்னும் நாடாப் பதிவு இயந்திரங்கள் இரண்டையும் ஐம்பது சுருள் நாடாவையும் தாயகத்துக்கு எடுத்துவந்தார். பாடகர் பிங் கிராஸ்பி வாரந்தோறும் நேரலையில் நின்று பாடும் கட்டாயத்திலிருந்து விடுபட விரும்பி, 1946இல் ஏபிசி வானொலிக்கு மாறித் தம் நிகழ்ச்சியை இசைத்தட்டுகளில் முன்பதிவு செய்துவந்தார். ஆனால் வெட்டித் தொகுப்பதற்காகத் தட்டிலிருந்து தட்டுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியின் தரம் குன்றியது. நாடாவுக்கு அக்குறை பெரிதாக இல்லை. கத்திரியால் வெட்டி ஒட்டுநாடாவால் இணைத்துவிடலாம். 1947 முதல் கிராஸ்பியின் நிகழ்ச்சி மல்லினின் நாடாக்களில் பதிவாயிற்று. நாட்டுப்புறக் கதைகளால் பெயர்பெற்ற பாப் பர்ன்ஸ் என்னும் நகைச்சுவையாளர் ஒருமுறை அந்நிகழ்ச்சிக்கு வந்து சொன்ன சில பச்சையான கதைகளுக்குக் கூடமே அதிர்ந்தது என்றும், கதைகளை ஒலிபரப்ப முடியாவிட்டாலும் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துவைத்துக்கொண்டனர் என்றும், சில வாரங்கள் கழித்து எழுத்து சோபிக்காத ஒரு நிகழ்ச்சியில் அச்சிரிப்பைப் பொருத்தினர் என்றும் மல்லின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒருவருடைய பேச்சுக்கு விளைந்த சிரிப்பு இன்னொருவருடைய பேச்சுக்குக் கடனாகப் போன அந்நிகழ்வே டப்பா சிரிப்பின் பிறப்பாகக் கருதப்படுகிறது. டப்பாவில் அடைத்த உணவைப் போல வேண்டும்போது திறந்து பரிமாறத்தக்கது என்னும் பொருளில் அமெரிக்கர்கள் அதற்கு இட்ட பெயர் அது.

தொலைக்காட்சியில் 1950இல் என்பிசி ஒளிபரப்பிய 'தி ஹேங்க் மெக்கியூன் ஷோ', பார்வையாளர் இல்லாமல் படமாக்கப்பட்டுப் பின்னர் சிரிப்புச் சேர்க்கப்பட்ட முதல் தொடராக அறியப்படுகிறது. இத்தேவைக்குக் காரணம் படப்பிடிப்பு முறையில் இருந்தது. திரைப்படத்தைப் போல ஒற்றைக் கேமராவில் எடுக்கும்போது, ஒரே உரையாடலை முதலில் தொலைவிலிருந்தும், பிறகு ஒவ்வொரு நடிகரின் முகத்துக்கும் அருகிலிருந்தும் எனப் பலமுறை நடித்துக் காட்ட வேண்டியிருக்கும். எத்தகைய நல்ல பார்வையாளரும் ஒரே வேடிக்கைக்கு நான்காவது முறையும் அதே அளவில் சிரிக்கமாட்டார். 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இதற்கு மாற்று வழி கண்டது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்டின் மேற்பார்வையில் மூன்று திரைப்படக் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அமர்ந்திருக்கும் பார்வையாளர் முன்னிலையில் நாடகம் போலத் தொடர்ச்சியாக நடித்துப் படமாக்கும் அம்முறை வெற்றி பெற்றது. ஆயினும் அதற்குக் கூடமும் இருக்கைகளும் தனி ஒளியமைப்பும் தேவைப்பட்டன. வெளிப்புறக் காட்சிகளுக்கோ தந்திரக் காட்சிகளுக்கோ அது ஏற்றதாக இல்லை. ஆகவே ஒற்றைக் கேமராத் தொடர்கள் பெருகின; அவற்றோடு சிரிப்பின் தேவையும் பெருகியது.

டக்ளஸின் பெட்டி

அத்தேவையை ஏறக்குறைய தனியொருவராக நிறைவேற்றியவர் சார்லஸ் டக்ளஸ். அமெரிக்கப் பெற்றோருக்கு மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1910இல் பிறந்து, நெவாடா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று, போர்க்காலத்தில் கடற்படைக்காக ரேடார் பணியில் ஈடுபட்டிருந்த அவர், போருக்குப் பின் சிபிஎஸ் நிறுவனத்தில் ஒலிப் பொறியாளரானார். மெய்யான பார்வையாளர்கள் வேண்டிய இடத்தில் சிரிக்காமலும், வேண்டாத இடத்தில் நெடுநேரம் சிரித்தும் அடுத்த வசனத்தை விழுங்கிவிடுவதை அவர் நாள்தோறும் ஒலிப்பலகையின் முன் அமர்ந்து கண்டவர். அவர் முதலில் செய்த கருவி 28 அங்குல மரச்சக்கரம் ஒன்று. அதன் விளிம்பில் மென்சிரிப்புகள் பதிவான நாடா ஒட்டப்பட்டிருந்தது. விசையை அழுத்தினால் சக்கரம் சுழன்று, அடுத்த தடுப்பில் முட்டி நிற்கும்வரை ஒரு முழுச் சிரிப்பு ஒலிக்கும். அலுவலக நேரத்தில் செய்த கருவியாதலால் நிறுவனம் அதற்கு உரிமை கோரியது. டக்ளஸ் வேலையை விட்டு விலகித் தம் வீட்டில் இரவுகளில் உழைத்துப் புதியதொன்றைக் கட்டினார். 1950களின் நடுவில் பல தொடர்களின் ஒலிக்கூடங்களுக்குள் சக்கரங்களில் உருண்டு வந்த 'லாஃப் பாக்ஸ்' எனப்படும் சிரிப்புப் பெட்டி அதுவே.

இரண்டு அடிக்கும் கூடுதலான உயரமுள்ள அப்பெட்டியின் உள்ளே 32 நாடா வளையங்கள் இருந்தன. இரு முனைகளும் ஒட்டப்பட்டு முடிவின்றிச் சுழலும் நாடாவே வளையம் எனப்பட்டது. வளையம் ஒன்றுக்குப் பத்துச் சிரிப்புகள் வீதம் மொத்தம் 320 சிரிப்புகள் அதில் அடங்கியிருந்தன. வெளியே தட்டச்சுப் பொறியைப் போன்ற விசைகள் வரிசையாக இருந்தன. காலடியில் இருந்த மிதிகட்டையால் சிரிப்பின் நீளத்தையும் அது தேய்ந்து மறையும் விதத்தையும் கட்டுப்படுத்தலாம். இளநகை, நமட்டுச் சிரிப்பு, கிளுகிளுப்பு, பெண்ணொருத்தியின் கிறீச்சிட்ட சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் வெடிச்சிரிப்பு, கைதட்டல், வியப்பொலி எனச் சிரிப்பின் வகைகள் விசைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டிருந்தன. பலரும் மெல்ல நகைத்துக்கொண்டிருக்கும் ஒலியொன்றைத் தாழ்ந்த அளவில் அடியில் ஓடவிட்டு, இரண்டு பெருஞ்சிரிப்புகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்புவதும் வழக்கம். வசனம் முடியும் முன்பே ஒற்றை ஆள் முந்திக்கொண்டு சிரிக்க, பின்னர் கூட்டம் சேர்ந்துகொள்வது போன்ற நுட்பங்களும் கையாளப்பட்டன. மெய்யான அவையில் யாரும் ஒரே கணத்தில் சிரிக்கத் தொடங்குவதில்லை என்பதை டக்ளஸ் நன்கு அறிந்திருந்தார். பேச்சே இல்லாத ஊமை நடிப்புக்குக் கிடைக்கும் சிரிப்பில் வசனம் குறுக்கிடாது என்பதால், ரெட் ஸ்கெல்டனின் நிகழ்ச்சியில் இடம்பெற்ற ஊமைக் கூத்துகளிலிருந்தே அவர் பெரும்பாலான சிரிப்புகளைப் பதிவு செய்ததாகக் கூறப்படுகிறது.

தயாரிப்பாளர் படத்தைத் திரையிட்டுக் காட்டி இங்கே சிறியது, இங்கே பெரியது என்று சொல்லச் சொல்ல, டக்ளஸ் ஆர்கன் வாசிப்பவரைப் போல விரல்களாலும் காலாலும் சிரிப்பை இசைப்பார். அவருடைய குடும்பத்தாரும் நம்பிக்கைக்குரிய உதவியாளர் சிலரும் தவிர வேறு யாரும் உள்ளே பார்க்காதபடி பெட்டி பூட்டப்பட்டிருந்தது. 1960இல் அவர் தொடங்கிய 'நார்த்ரிட்ஜ் எலெக்ட்ரானிக்ஸ்' நிறுவனத்துக்கு அடுத்த பத்தாண்டுகளில் குறிப்பிடத்தக்க போட்டியே இருக்கவில்லை. விளைவாக, ஒரே 320 சிரிப்புகள் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு தொடர்களில் திரும்பத் திரும்பக் கேட்டன. கூர்ந்த செவியுடையவர்கள் குறிப்பிட்ட ஒரு சிரிப்பை இன்னொரு தொடரில் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் நிலை ஏற்பட்டது. அவருடைய உதவியாளராக இருந்த கேரல் பிராட், காலத்துக்கு ஏற்பச் சிரிப்புகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று கருதி 1970களின் பிற்பகுதியில் தனியே தொழில் தொடங்கியதற்கு இப்பழமையும் ஒரு காரணம்.

முறையீடுகளும் மூன்று மறுமொழிகளும்

பார்வையாளரின் எரிச்சலுக்குக் காரணம் கற்பிப்பது எளிதாகவே இருந்தது. 1964இல் தொடங்கிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில், கப்பல் சேதமுற்று ஏழு பேர் மட்டுமே ஒதுங்கிய ஆளில்லாத தீவில் பெருங்கூட்டம் சிரித்தது. 1960இல் வந்த 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' முழுக்க முழுக்க வரைந்து எடுத்த சித்திரத் தொடர். ஓவியங்கள் நடிப்பதை எந்தக் கூடத்தில் யார் அமர்ந்து பார்த்திருக்க முடியும் என்ற கேள்வி எழாமல் அங்கும் சிரிப்பு ஒலித்தது. இத்தகைய முறையீடுகளுக்குத் தொலைக்காட்சித் தொழில் காலப்போக்கில் மூன்று விதமாக மறுமொழி அளித்தது: நீக்குவதாக வாக்களித்தது, சோதித்துப் பார்த்து மறுத்தது, நற்சான்றுப் பத்திரம் காட்டியது.

வாக்குறுதி 1959இல் வந்தது. வினாடி வினாப் போட்டிகளில் விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட மோசடி அவ்வாண்டு அம்பலமானபோது, சிபிஎஸ் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன், இனி நிகழ்ச்சிகள் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்கின்றனவோ அவ்வாறே உண்மையிலும் இருக்க வேண்டும் என்று அறிவித்து, டப்பா சிரிப்பையும் டப்பா கைதட்டலையும் அவ்விதிக்குள் கொண்டுவந்தார். அறிவிப்பு நிலைக்கவில்லை, அடுத்து வந்த பத்தாண்டே சிரிப்புப் பெட்டியின் பொற்காலமாயிற்று. சோதனை 1965இல் நடந்தது. போர்க்கைதி முகாமைக் களமாகக் கொண்ட 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொடரின் முன்னோட்டப் பகுதியைச் சிரிப்போடு ஒரு படியும் சிரிப்பின்றி ஒரு படியுமாகத் தயாரித்து, அழைத்துவந்த பார்வையாளர்களுக்கு சிபிஎஸ் போட்டுக் காட்டியது. சிரிப்பில்லாத படி எடுபடவில்லை. சிரிப்புடைய படி நல்ல வரவேற்பைப் பெற்றது. பார்வையாளர்கள் வெறுப்பதாகச் சொல்வதற்கும் அவர்கள் நடந்துகொள்வதற்கும் இடையே இருந்த இந்த இடைவெளியே நிறுவன நிர்வாகிகளின் கையில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வலுவான வாதமாக இருந்தது.

அவ்வாதத்தோடு மிக நீண்ட காலம் மோதியது 1972இல் தொடங்கிய 'மேஷ்' தொடர். கொரியப் போர்க்களத்துக்குப் பின்புறமுள்ள கூடார மருத்துவமனையில் நடக்கும் அக்கதைக்குச் சிரிப்பொலி பொருந்தாது என்று அதனை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் வாதாடினர். அரைமணி நேர நகைச்சுவை என்றால் சிரிப்பு இருந்தே தீர வேண்டும் என்றது நிறுவனம். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு ஒலிக்காது. இதனால் ஒரே மருத்துவர் கூடாரத்தில் சொல்லும் கிண்டலுக்குக் கூட்டம் சிரிப்பதும், அதே மருத்துவர் சில நிமிடங்களுக்குப் பின் இரத்தம் தோய்ந்த கையுறையோடு மேசையருகே நின்று சொல்லும் கிண்டலுக்கு நிசப்தம் நிலவுவதும் வாரந்தோறும் அருகருகே கேட்கக் கிடைத்தன. நிசப்தத்தில் சொல்லப்பட்ட கிண்டலின் கசப்பு பார்வையாளருக்குத் தானாகவே எட்டியது. ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தொடரில் சிரிப்பின் அளவு குறைக்கப்பட்டு, சில பகுதிகளிலிருந்து முற்றாகவே நீக்கப்பட்டது. 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் அது இல்லை. பிரிட்டனில் பிபிசி இத்தொடரைச் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பியதால், அந்நாட்டுப் பார்வையாளர்கள் பலருக்கு அது தொடக்கம் முதலே துயரச் சாயல் கொண்ட தொடராகத் தெரிந்தது. ஒரே படம், ஒரே வசனம், ஒரே நடிப்பு இருந்தும், ஒரு தடம் மட்டும் நீங்கியதால் இரு நாட்டவரும் ஏறக்குறைய இரு வேறு தொடர்களைப் பார்த்தனர்.

மூன்றாவது மறுமொழியான நற்சான்று 1970களில் வழக்கமாயிற்று. நார்மன் லியரின் 'ஆல் இன் தி ஃபேமிலி' 1971இல் தொடங்கியதிலிருந்து பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும் தொடர்கள் மீண்டும் செல்வாக்குப் பெற்றன. 'தி ஆட் கப்புள்', 'ஹேப்பி டேஸ்' ஆகியன பெட்டிச் சிரிப்போடு தொடங்கிப் பின்னர் கூடத்துப் பார்வையாளருக்கு மாறின. நேரில் அமர்ந்திருந்தவர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது என்னும் அறிவிப்பு இத்தகைய தொடர்களில் இடம்பெற்றது. 1982இல் தொடங்கிய 'சியர்ஸ்' தொடரின் நடிகர்களே அவ்வறிவிப்பைத் தம் குரலில் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், மெய்யான சிரிப்பைக் கேட்டும் அது பெட்டிச் சிரிப்பென்றே பார்வையாளர்கள் குறைகூறியதுதான். அவர்களுடைய ஐயம் முற்றும் தவறென்றும் சொல்வதற்கில்லை. படப்பிடிப்புக்கு முன்னரும் இடைவேளைகளிலும் கூட்டத்தின் உற்சாகம் தணியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே தனி நகைச்சுவையாளர் அமர்த்தப்பட்டிருந்தார். தொகுப்பின்போது மெலிந்த சிரிப்பைத் தடிப்பாக்குவதும் வெட்டப்பட்ட இடத்தில் சிரிப்பைச் செருகி ஒட்டுத் தெரியாமல் மறைப்பதும் 'ஸ்வீட்டனிங்', அதாவது இனிப்புச் சேர்த்தல், என்ற பெயரில் சாதாரணமாக நடந்தன. மெய்ச்சிரிப்புக்கும் பெட்டிச் சிரிப்புக்கும் இடையே பார்வையாளர் கற்பனை செய்த எல்லைக்கோடு ஒலிக்கூடத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை.

ஃபிரெட் ஆலன் குறைகூறியது உண்மையான சிரிப்பை. 'சியர்ஸ்' பார்வையாளர் குறைகூறியதும் பெரும்பாலும் உண்மையான சிரிப்பையே. எனவே போலித்தனமே எரிச்சலின் வேர் என்ற விளக்கம் போதாது. நாடக அரங்கில் ஒருவர் சிரிக்கும்போது அவரும் அக்கூட்டத்தில் ஒருவர். அவர் சிரிப்பும் சேர்ந்தே அவையின் சிரிப்பாகிறது, அவர் சிரிக்க மறுத்தால் அந்த மறுப்பும் மேடைக்குத் தெரிகிறது. வீட்டில் அமர்ந்திருப்பவருக்கு அவ்விரு வாய்ப்பும் இல்லை. அவர் தீர்மானிக்கும் முன்னரே தீர்ப்பு அவர் காதில் விழுகிறது. உடன்பட்டாலும் முரண்பட்டாலும் அத்தீர்ப்பில் அவருக்குப் பங்கில்லை. எட் வின்னுக்குத் தேவைப்பட்ட சிரிப்பு நடிகரின் காதுக்கானது. டக்ளஸ் செய்த சிரிப்பு வீட்டிலிருப்பவரின் காதுக்கானது. முறையீடு பிறந்தது இந்த இடமாற்றத்தில்தான்.

எனினும், பிறர் சிரிப்பு மனிதரை இழுக்கும் என்பதும் மறுக்க முடியாதது. எல்லோரும் வெறுப்பதாகச் சொல்லும் டப்பா சிரிப்பு ஏன் பயன்படுகிறது என்ற கேள்வியை உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியிட்ட தம் நூலில் எழுப்பி, எது சரியென்று தெரியாதபோது பிறர் செய்வதையே சான்றாகக் கொள்ளும் மனப்போக்கை அதற்கு விளக்கமாகக் காட்டினார். லண்டனில் நரம்பியலாளர் சோஃபி ஸ்காட் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 40 கடி ஜோக்குகளைத் தனியாகவும், வலிந்து சிரித்த சிரிப்போடும், அடக்க முடியாமல் வந்த சிரிப்போடும் கேட்கச் செய்தனர். சிரிப்புச் சேர்ந்ததும் ஜோக்குக்குக் கிடைத்த மதிப்பெண் உயர்ந்தது, தன்னியல்பான சிரிப்புக்கு மேலும் உயர்ந்தது. கடி ஜோக்கையும் சிரிப்பு தூக்கிவிடும் என்பதால் நிர்வாகிகளின் கணக்கு பொய்யில்லை. தூக்கிவிடப்படுவதைப் பலர் விரும்பவில்லை என்பதும் பொய்யில்லை.

சிரிப்பு விட்டுச்சென்ற இடத்தில் இசை

மாற்றம் மெல்ல வந்தது. 1998இல் ஏபிசியில் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ் நைட்' தொடரில் சிரிப்பு வேண்டாம் என்று எழுத்தாளர் ஆரன் சார்கின் எதிர்த்தும் நிறுவனம் அதைச் சேர்த்தது. ஒலி படிப்படியாகத் தாழ்த்தப்பட்டு முதல் பருவத்தின் முடிவுக்குள் மறைந்தது. 'மால்கம் இன் தி மிடில்' 2000இலும், பிரிட்டனின் 'தி ஆபிஸ்' 2001இலும் சிரிப்பின்றியே வெற்றி பெற்ற பின் பழைய வாதத்தின் வலு குன்றியது. பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும் முறை மட்டும் தொடர்ந்தது. அவ்வாறு எடுக்கப்பட்ட 'தி பிக் பேங் தியரி' காட்சிகளிலிருந்து சிரிப்பை நீக்கி ரசிகர்கள் இணையத்தில் உலவவிட்ட துணுக்குகளில், நடிகர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் காரணமின்றி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். சிரிப்புக்காக விடப்பட்ட இடைவெளிகள் அவை. சிரிப்பு போன பின் எஞ்சிய பள்ளங்கள் அதன் பழைய பணியை வெளிச்சமிட்டுக் காட்டின.

எப்போது என்ன உணர வேண்டும் என்று சொல்லும் பணி அத்துடன் ஒழிந்துவிடவில்லை. அதில் பெரும்பகுதி பின்னணி இசையிடம் போய்ச் சேர்ந்தது. இசைக்கும் இப்பணி புதியதன்று. 1930களின் அமெரிக்க வானொலித் தொடர்களில், கதையின் திருப்பத்தைச் சுட்ட ஆர்கனில் ஒரு கனத்த சுரக்கூட்டு அதிர்ந்தெழும். ஆனால் மெய்ந்நிகழ்ச்சிகளிலும் ஆவணப்படங்களிலும் இசை இடைவிடாமல் ஓடத் தொடங்கிய இருபத்தோராம் நூற்றாண்டில், முறையீட்டோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது: பேச்சே கேட்கவில்லை. 2011 மார்ச்சில் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் வழங்கிய 'வொண்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானதும், இசை பேச்சை மூழ்கடிப்பதாக பிபிசிக்கு 118 முறையீடுகள் வந்தன. திரைப்பட அனுபவமாக இருக்க வேண்டியது அது என்று காக்ஸ் இசைக்குப் பரிந்து பேசினாலும், பிபிசி அடுத்த பகுதிகளில் இசையின் அளவைத் தாழ்த்தியது.

பேச்சு இவ்வாறு கேளாமற்போவதற்குச் செவியியல் காரணங்கள் உண்டு. ஸ, ஃப போன்ற உரசொலிகளின் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் அமைந்திருக்கிறது. முதுமையில் முதலில் மங்குவதும் அவ்வதிர்வெண்களைக் கேட்கும் திறனே. உயிரொலிகள் கேட்டு மெய்யொலிகள் கேளாதபோது, யாரோ பேசுவது தெரிந்தும் என்ன பேசுகிறார் என்பது தெரியாது. அந்நிலையில் தொடர்ச்சியான இசை எஞ்சியிருப்பதையும் மூடிவிடுகிறது. ஒலிக்கலவை தரமான ஒலிபெருக்கிகளின் முன் அமைதியான அறையில் செய்யப்பட, தட்டையான தொலைக்காட்சிகளிலோ சிறிய ஒலிபெருக்கிகள் பின்புறமும் அடிப்புறமும் ஒளிந்துகொண்டன. விளம்பரங்களின் இரைச்சலைக் கட்டுப்படுத்த 2012 டிசம்பரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு உதவவில்லை. சராசரி ஒலியளவை அளந்துவிடலாம், ஆனால் ஒரே நிகழ்ச்சிக்குள் பேச்சும் இசையும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது கலைத் தீர்ப்பாகவே விடப்பட்டிருக்கிறது. அத்தீர்ப்பைத் தமக்காகப் பிறர் எடுத்துவிடுகிறார்கள் என்பதே, கேட்கவில்லை என்ற குறைக்கு அடியில் இருந்த பழைய குறை.

ஆகையால் அம்முறையீட்டுக்கு நேரடியான விடை, வாக்குறுதியிலோ சான்றிதழிலோ கிடைக்காமல், ஒரு விசையில்தான் கிடைத்தது. 'மேஷ்' டிவிடி வட்டுகளாக வெளிவந்தபோது சிரிப்போடு ஓர் ஒலித் தடமும் சிரிப்பின்றி ஓர் ஒலித் தடமும் தரப்பட்டு, தேர்வு பார்ப்பவரிடமே விடப்பட்டது. 2019இல் பிபிசி தன் மருத்துவமனைத் தொடரான 'கேஷுவால்ட்டி'யின் ஒரு பகுதியை, சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வோடு இணைந்த சோதனையாக, ஒலிக்கலவையை மாற்றும் நகர்த்தி (ஸ்லைடர்) ஒன்றோடு இணையத்தில் வெளியிட்டது. நகர்த்தி ஒரு கோடியில் இருந்தால் இசையும் சூழல் இரைச்சலும் முழுமையாக ஒலிக்கும். மறுகோடிக்கு நகர்த்தினால் உரையாடலும் கதைக்கு இன்றியமையாத ஒலிகளும் மட்டும் எஞ்சும். எந்த ஒலி இன்றியமையாதது, எது விலக்கத்தக்கது என்பதை ஒவ்வோர் ஒலியாக வரிசைப்படுத்தி வைக்க வேண்டிய பொறுப்பு ஒலிக்கூடத்தினரிடமே இருந்தது. டக்ளஸின் இருக்கை காலியாகிவிடவில்லை. அவருடைய மிதிகட்டைகளில் ஒன்று மட்டும் வீட்டிலிருப்பவரின் காலடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.